பார்த்தேன், நலம்

கால் மணிக்கொரு தடவை எழுத வேண்டும்.
மணி, நிமிடம், அப்புறம் 'பார்த்தேன், நலம்'.
இந்தக் கிளைச்சிறையில் இதற்கு முன்
இப்படியொரு நோட்டு இருந்ததில்லை.
மதுரையிலிருந்து வந்தது,
ஆளோடு சேர்ந்து, ஒரே ஜீப்பில்.

தனிஸ்லாஸ்.
பாம்பனில் ஐஸ் கம்பெனி, ஏழு விசைப்படகு.
ஐஸ் அறையில் மீனோடு மீனாகக் கிடந்தது
அவருடைய கணக்குப்பிள்ளை சந்தியாகு.
செய்தாரா என்று எனக்குத் தெரியாது.
அதைத் தெரிந்துகொள்ள எனக்குச் சம்பளமும் இல்லை.
விசாரணை தொடங்கும்வரை மூச்சு ஓட வேண்டும்,
ஜெயிலர் சொன்னது அவ்வளவுதான்.

வேட்டியை வாங்கிவிட்டோம், தூக்குக்கு ஆகும் என்று.
கழுத்து உத்தரியத்தைக் கழற்றும்போது மட்டும்
என் மணிக்கட்டைப் பிடித்தார். பிறகு விட்டுவிட்டார்.
கண்ணாடி போனதிலிருந்து
சுவரைத் தடவித்தான் கக்கூசுக்குப் போகிறார்.
சோறு வந்தால் முதல் கவளம் எனக்கு.
நான் விழாவிட்டால் அவர் சாப்பிடலாம்.
ஏழு வாரத்தில் எனக்கு இரண்டு கிலோ கூடியிருக்கிறது.

டீக்கடை டிவியில் ஒருவன்
உள்ளே இறால் பிரியாணி என்கிறான்.
இன்னொரு சேனலில்
விரலில் நகமே இல்லையாம்.
நகம் இருக்கிறது.
வெட்ட பிளேடு தரக் கூடாது என்பதால்
கோழிக்கால் மாதிரி நீண்டு இருக்கிறது.

அடுத்த கொட்டடியில் மோர்ப்பண்ணை பூமிராஜ்.
படகு என்ஜின் திருட்டு, பதினாலு மாசம்.
ஜாமீன் கிடைத்துவிட்டது, ஜாமீனுக்கு நிற்க ஆள் கிடைக்கவில்லை.
அவன் இருமலுக்கு நோட்டு கிடையாது.
போன மாசம் ரத்தமாகத் துப்பினான்,
'திங்கட்கிழமை பார்ப்போம்' என்றார் கம்பவுண்டர்.
எந்தத் திங்கள் என்று சொல்லவில்லை.
தனிஸ்லாஸ் தும்மினால்
ராமநாதபுரத்திலிருந்து ஆம்புலன்ஸ் வருகிறது.
ஆனால் பூமிராஜ் இருட்டில் தூங்குகிறான்.
தனிஸ்லாஸ் தலைக்கு மேல் இரட்டைக் குழல் விளக்கு,
அணைக்கவே கூடாது.

அதைத்தான் கேட்டார், ஒரே ஒரு தரம்.
பீடி இல்லை, போன் இல்லை.
"தம்பி, கொஞ்சம் இருட்டு கிடைக்குமா?"
கைமாத்து கேட்கிற குரல்.
"கேமரா இருக்கு சார்" என்றேன்.
கைதியை நான் சார் என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

நேற்று வாடைக் காற்று
உப்பை வாரிக் கம்பங்களில் அப்பியது.
ராத்திரி இரண்டு பத்துக்குக் கரண்ட் போனது.
சோக்கின் ரீங்காரம் நின்ற பிறகுதான்
இங்கே கடல் கேட்கும் என்பதே தெரிந்தது.

ஜெனரேட்டர் அறைச் சாவி என் இடுப்பில்.
ஓட வேண்டும்.
கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்,
துரு உள்ளங்கையில் உதிர்ந்தது.
உள்ளே முதலில் ஒன்றுமில்லை.
அப்புறம் குறட்டை.
மூக்கடைத்த, அசிங்கமான, என் அண்ணன் விடுகிற மாதிரிக் குறட்டை.
பக்கத்தில் பூமிராஜ் இருமினான்.
"மெல்லடா" என்றேன் அவனிடம்.
இருமுகிறவனிடம்.
நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

பதினோரு நிமிடம்.
நடுவில் இரண்டே காலுக்கு
டார்ச் அடிக்காமலே எழுதினேன், வரி கோணியபடி:
பார்த்தேன், நலம்.
எதைப் பார்த்தேன்?

டூட்டி முடிந்து வெளியே வந்தால்
பஸ் நிறுத்தத்தில் ரெஜினாள், சந்தியாகுவின் மனைவி.
நாற்பத்தொன்பது நாளாக அதே சிமெண்டு பலகை,
மடியில் மூடிய தூக்குச்சட்டி.
மைக் நீட்டியவர்களிடம் வாய் திறக்காதவள்
என் பைக்கை மறித்தாள்.

"தூங்குறானா?"

சாவியைத் திருகிய கை நின்றது.
"லைட்டு எரியுதும்மா" என்றேன்.

அவள் மதிலுக்கு மேலே பார்த்தாள்.
விடிந்துவிட்ட வெளிச்சத்தில்
ஒன்றும் தெரியவில்லை.